நடைப்பயிற்சி, ஓட்டம், மிதிவண்டி: இயர்போன் அணிந்து செல்வது பாதுகாப்பானதா?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகை உடல் எடை ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு வருவோரிடம் மருத்துவர்கள் தவறாமல் கூறும் அறிவுரை, நாள்தோறும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பதாகும். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. இந்த அறிவுரையைப் பின்பற்றுவோர் பெருகியுள்ளனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. விடியற்காலையில் கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் ஊருக்கு வெளியே செல்லும் சாலைகளிலும் நடப்போரையும் ஓடுவோரையும் காண முடிகிறது. அவர்களில் பலருடைய காதுகளில் இயர்போன் இருக்கிறது. ஹெட்போன், ஹெட்செட், இயர்பட்ஸ் எனப் பல பெயர்களில் விற்கப்படும் கருவிகள் அனைத்தையும் இக்கட்டுரையில் இயர்போன் என்றே குறிப்பிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் நடக்கச் சொல்லி அனுப்பிய நீரிழிவு நோயாளி ஒருவர், நான்கு மாதங்களுக்குப் பின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்பட்டார். வயது ஐம்பதைக் கடந்தவர். காலை ஐந்தரை மணிக்குச் சாலையின் இடது ஓரமாக, இரு காதுகளிலும் இயர்போன் அணிந்து பாட்டுக் கேட்டபடி நடந்து சென்றிருக்கிறார். வழியில் தேங்கியிருந்த நீரைத் தவிர்க்க இரண்டடி வலப்புறம் விலகியபோது, பின்னால் வந்த இருசக்கர வாகனம் மோதியது. அதை ஓட்டி வந்தவரே அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். "இரண்டு முறை ஹாரன் அடித்தேன் சார், திரும்பியே பார்க்கவில்லை" என்று திரும்பத் திரும்பக் கூறினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்து மாதங்கள் அவரால் நடைப்பயிற்சி மேற்கொள்ள இயலவில்லை. கட்டுக்குள் வந்திருந்த இரத்தச் சர்க்கரை மீண்டும் உயர்ந்தது. இன்சுலின் தொடங்க நேர்ந்தது. நடக்க வேண்டும் என்று கூறிய நான், சாலையின் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதையோ, காதில் எதை அணியலாம், எதை அணியக் கூடாது என்பதையோ அவரிடம் கூறியிருக்கவில்லை. அன்று கூறாமல் விட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதுகுக்குப் பின்னால் வருவதை அறிவது எப்படி?

கண்கள் நமக்கு முன்னால் உள்ளவற்றை மட்டுமே காட்டுகின்றன. பின்னால் வருவதை நமக்கு அறிவிக்கும் புலன் காது ஒன்றே. ஒலி இருக்கிறது என்பதோடு, அது எத்திசையிலிருந்து வருகிறது, நெருங்குகிறதா விலகுகிறதா என்பதையும் காது கண்டறிந்து கூறுகிறது.

வலப்புறமிருந்து வரும் ஒலி முதலில் வலது காதையும், பின்னர் இடது காதையும் சென்றடைகிறது. இந்த இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆயினும் மூளை அதை உணர்ந்துகொள்கிறது. தலை இடையில் மறைப்பதால், தொலைவில் உள்ள காதுக்கு ஒலி சற்றுக் குறைந்தும் கேட்கிறது. இவ்விரண்டையும் கொண்டு ஒலி வலமா இடமா என்பது தெளிவாகிறது. முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்பதை அறிய உதவுவது காது மடல். மடலின் வளைவுகளும் மடிப்புகளும், வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் ஒலியை வெவ்வேறு விதமாக மாற்றிச் செவிக்குழாய்க்குள் அனுப்புகின்றன. அழகுக்காகவோ கம்மல் அணிவதற்காகவோ மட்டும் அமைந்த உறுப்பன்று அது.

செவிக்குழாயின் வாயிலை இயர்போன் அடைத்துவிடும்போது இந்த ஏற்பாடு முழுவதும் பாதிக்கப்படுகிறது. ஹாரன் ஒலி காதில் விழுந்தாலும், அது முன்னால் உள்ள வாகனமா பின்னால் உள்ள வாகனமா என்று அறியாமல் தடுமாறுவோர் உண்டு. அத்தகைய தடுமாற்றத்தில் தவறான பக்கம் விலகுவதும் நிகழ்கிறது.

தொலைவும் நேரமும்

காதினுள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை கொண்ட இயர்போன், பாட்டு ஓடாத நிலையிலும் வெளி ஒலியை ஏறத்தாழ 20 டெசிபல் வரை குறைக்கக்கூடும். இந்த எண் சிறியதாகத் தோன்றலாம். திறந்த வெளியில், ஒலி எழும் இடத்திலிருந்து நாம் உள்ள தொலைவு இரு மடங்கானால், ஒலி 6 டெசிபல் குறைகிறது. பத்து மடங்கானால் 20 டெசிபல் குறைகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், வெறும் காதுக்கு 50 மீட்டர் தொலைவில் கேட்ட ஹாரன், அடைபட்ட காதுக்கு 5 மீட்டர் தொலைவில்தான் அதே அளவில் கேட்கும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. 50 மீட்டர் என்றால் விலகுவதற்கு மூன்றரை நொடி கிடைக்கிறது. 5 மீட்டர் என்றால் அரை நொடிகூட இல்லை. எதிர்பாராத ஒலியைக் கேட்டு, அது என்னவென்று உணர்ந்து, காலை நகர்த்துவதற்குப் பெரும்பாலோருக்கு ஒரு நொடிக்கு மேல் தேவைப்படுகிறது. முதியோருக்கு இன்னும் கூடுதலாகும். மரம், சுவர், காற்று ஆகியவற்றைப் பொறுத்து இக்கணக்கு மாறும் என்றாலும், இழப்பின் அளவு எத்தகையது என்பதை இது காட்டும்.

பாட்டு ஓடத் தொடங்கினால் இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. ஒரு ஒலி மற்றொரு ஒலியை மறைத்துவிடும் இயல்புடையது. பறை, டிரம்ஸ், பேஸ் கிட்டார் ஆகியவற்றின் தாழ்ந்த ஒலிகள், லாரி, பேருந்து ஆகியவற்றின் எஞ்சின் இரைச்சலை எளிதில் மூழ்கடித்துவிடும். மின்சார ஸ்கூட்டர், மின்சார கார் ஆகியவை குறைந்த வேகத்தில் செல்லும்போது மிகக் குறைந்த ஒலியையே எழுப்புகின்றன. அவற்றைத் திறந்த காதாலேயே உணர்வது கடினம். இயர்போன் அணிந்தவருக்கு அவை வருவது தெரியவே தெரியாது எனலாம்.

கவனமும் பங்கிடப்படுகிறது

ஒலி காதை எட்டினால் மட்டும் போதாது. மனம் அதைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்தில் 25 பேரை மிதிவண்டி ஓட்டச் செய்து நடத்தப்பட்டு, 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காதினுள் பொருந்தும் இயர்போனில் பாட்டுக் கேட்டவாறு சென்றபோது, நிற்குமாறு எழுப்பப்பட்ட உரத்த எச்சரிக்கை ஒலி 68 விழுக்காடு நேரங்களில் தவறவிடப்பட்டது. விரைவான தாளம், மிகுந்த ஒலியளவு ஆகிய இரண்டுமே கேட்பதைக் குறைத்தன. ஒரு காதில் மட்டும் சாதாரண இயர்போன் அணிந்தபோது அத்தகைய குறைவு காணப்படவில்லை. தொலைபேசியில் பேசியவர்களுக்கும் எச்சரிக்கையை உணர்வதில் தாமதம் ஏற்பட்டது. கைபேசியைக் கையில் பிடித்துப் பேசினாலும், கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தக் கடைசிச் செய்தி நம் ஊர்ச் சாலைகளுக்கு மிகவும் பொருந்தும். நடைப்பயிற்சியின்போது பாட்டுக் கேட்போரைவிட உறவினரிடம் பேசிக்கொண்டே நடப்போரையே நான் மிகுதியாகக் காண்கிறேன். பழகிய பாட்டுக்கு மனம் பெரிதாக உழைப்பதில்லை. உரையாடலுக்கோ கேட்கவும் வேண்டும், நினைக்கவும் வேண்டும், பதில் கூறவும் வேண்டும். பெண்ணின் திருமணப் பேச்சு, நிலத் தகராறு, அலுவலகக் கோபம் ஆகியவற்றைப் பேசிக்கொண்டு சாலையைக் கடப்பவரின் கண்கள் திறந்திருந்தாலும், எதிரில் வரும் வாகனம் மனத்தில் பதிவதில்லை.

அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை, இயர்போன் அணிந்து நடந்து சென்றோர் வாகனத்திலோ ரயிலிலோ அடிபட்ட 116 நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் 70 விழுக்காட்டினர் உயிரிழந்தனர். பாதிக்கும் மேற்பட்டவை ரயில் மோதிய விபத்துகள். பாதிக்கப்பட்டோரில் மூன்றில் இரு பங்கினர் ஆண்கள். மூன்றில் இரு பங்கினர் 30 வயதுக்கு உட்பட்டோர். 29 விழுக்காடு நிகழ்வுகளில், மோதலுக்கு முன் எச்சரிக்கை ஒலி எழுப்பப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. இத்தொகுப்பில் செய்தித்தாள் குறிப்புகள் பெரும் பங்கு வகித்தன. உயிரிழப்புகளே செய்தியாகும் என்பதால், இயர்போன் அணிந்து அடிபடும் அனைவருக்கும் இந்த 70 விழுக்காடு பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ஆனால் ரயில் பாதை பற்றிய எச்சரிக்கையை அலட்சியப்படுத்தவும் கூடாது.

ரயில் பாதையில் ஒருபோதும் வேண்டாம்

மின்சார ரயில் நேரே நம்மை நோக்கி வரும்போது, பக்கவாட்டில் நிற்பவருக்குக் கேட்கும் அளவுக்கு அதன் ஓசை கேட்பதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்தவுடன் பிரேக்கை அழுத்தினாலும் அது நிற்பதற்குப் பல நூறு மீட்டர் வேண்டும். பேருந்தைப் போல ஒதுங்கிச் செல்லவும் அதனால் இயலாது. இருவழிப் பாதைகளில் மற்றொரு ஆபத்தும் உண்டு: எதிர்ப்பாதையில் செல்லும் ரயிலின் ஒலியைக் கேட்டு அதிலேயே கவனம் வைத்திருப்பவர், தாம் நிற்கும் பாதையில் வரும் இரண்டாவது ரயிலை உணர்வதில்லை.

ரயில் பாதையில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். சட்டத்திற்கு அஞ்சி அன்று, உயிருக்கு அஞ்சியே இதைத் தவிர்க்க வேண்டும். நடைமேம்பாலம் ஏறுவதற்கு மூன்று நிமிடங்கள் கூடுதலாகும், அதுவும் உடற்பயிற்சியே. அனுமதிக்கப்பட்ட கடவுப் பாதையிலும் இயர்போனைக் கழற்றிய பின்பே கால் வைக்க வேண்டும்.

எந்த வகைக் கருவி?

வெளி இரைச்சலை நீக்கும் வசதி கொண்ட இயர்போன்களை விமானத்திலும் வீட்டிலும் பயன்படுத்தலாம். சாலையில் பயன்படுத்துதல் கூடாது. வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அழிப்பதே அவற்றின் செயல்முறை. தொடர்ந்து ஒலிக்கும் தாழ்ந்த ஓசைகளை அவை மிகத் திறமையாக நீக்குகின்றன. பின்னால் வரும் லாரியின் எஞ்சின் ஓசையும் அந்த வகையைச் சேர்ந்ததே. வெளி ஒலியை உள்ளே அனுப்பும் வசதியை இயக்கிக்கொண்டால் நிலைமை ஓரளவு சீராகும். எனினும் அது ஒலிவாங்கி வழியாக வந்து சேரும் ஒலியே. ஓடும்போதும் மிதிவண்டியில் செல்லும்போதும் காற்று மோதி இரைச்சல் உண்டாகும். திசையும் இயல்பாகத் தெரியாது.

எலும்பு வழி ஒலி கடத்தும் கருவிகள் தற்போது கிடைக்கின்றன. இவை காதுக்கு முன்னால் உள்ள எலும்பின் மேல் அமர்ந்து, அதிர்வை மண்டை ஓட்டின் வழியே உட்செவிக்கு அனுப்புகின்றன. செவிக்குழாய் திறந்தே இருப்பதால் சாலை ஒலி தடையின்றிக் கேட்கும். வெளியில் பயன்படுத்த வேண்டுமெனில் இவை மற்றவற்றைவிட மேலானவை. ஆனால் கவனச் சிதறலை இவை நீக்குவதில்லை. ஒலியளவைக் கூட்டினால் உட்செவி பாதிக்கப்படுவதிலும் வேறுபாடு இல்லை.

விலை கொடுத்து வேறு கருவி வாங்க இயலாதவர்கள், ஒரு காதில் மட்டும், இறுக்கமாக அடைக்காத சாதாரண இயர்போனைக் குறைந்த ஒலியில் அணியலாம். எந்தக் காதைத் திறந்து வைப்பது என்பதையும் சிந்திக்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறம் செல்கின்றன. ஆகவே நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர், எதிரே வரும் வாகனங்களைக் காணுமாறு வலது ஓரமாக நடப்பது நல்லது. அப்போது வாகனங்கள் அவரது இடப்புறம் கடக்கும். இடது காது திறந்திருக்க வேண்டும். மிதிவண்டியில் இடது ஓரமாகச் செல்பவரை வாகனங்கள் வலப்புறமாக முந்துகின்றன; அவருக்கு வலது காது திறந்திருக்க வேண்டும். ஒரே காதால் கேட்கும்போது திசையறியும் திறன் குறையும் என்பதால், சந்திப்புகளிலும் சாலையைக் கடக்கும்போதும் அதையும் கழற்றிவிடுதல் வேண்டும்.

மிதிவண்டி ஓட்டுவோரிடம் இன்னும் கண்டிப்பாகவே கூற விரும்புகிறேன். நடப்பவர் ஓரடி ஒதுங்கினால் தப்பிக்கலாம். மிதிவண்டியில் செல்பவர் வாகன ஓட்டத்திற்கு உள்ளேயே செல்கிறார். பதற்றத்தில் திருப்பினால் சமநிலையும் தவறும். பிரான்சு நாட்டில் மிதிவண்டி ஓட்டும்போது இயர்போன் அணிவது 2015 ஜூலை முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் பிள்ளைகளின் காதில் இயர்போன் இருக்கிறதா என்பதைப் பெற்றோர் வாசலில் நின்று பார்த்து அனுப்ப வேண்டும்.

இயர்போனும் காதுகேள் கருவியும் வேறு வேறு. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைத்த காதுகேள் கருவியை நடைப்பயிற்சியின்போது கட்டாயம் அணிய வேண்டும். விலையுயர்ந்த பொருள், வியர்வையில் கெட்டுவிடும், தொலைந்துவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டுச் செல்லும் முதியோர் பலர். பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாட்டே கூடாதா?

அவ்வாறு கூறுவது நேர்மையாகாது. விருப்பமான பாட்டைக் கேட்டபடி நடப்போருக்கு உடற்பயிற்சியின் களைப்பு குறைவாகத் தோன்றுகிறது. சலிப்பின்றி நீண்ட நேரம் நடக்கவும், மறுநாளும் வரவும் அது துணைபுரிகிறது. இயர்போனைப் பிடுங்கிவிட்டால் நடையையே நிறுத்திவிடுவோர் இருப்பார்கள் என்பதை நான் அறிவேன். ஆகவே இடத்தை மாற்றிக்கொள்வதே தக்க வழி. வாகனங்கள் நுழையாத பூங்கா, பள்ளி அல்லது கல்லூரி விளையாட்டுத் திடல், வீட்டு மொட்டை மாடி, உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில் ஆகிய இடங்களில் மிதமான ஒலியில் கேட்கலாம். 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் 2023 நவம்பர் முதல் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அருகில் உள்ளோர் அவற்றைப் பயன்படுத்தலாம். எனினும் அப்பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் சாலைக்குரிய எச்சரிக்கை தேவை. துணைக்கு ஒருவருடன் பேசிக்கொண்டு நடப்பது இவை எல்லாவற்றிலும் சிறந்தது. இருவரில் ஒருவராவது வாகனத்தைக் கவனித்துவிடுவார்.

சாலையில்தான் நடக்க வேண்டிய நிலையில் உள்ளோர் இருள் பிரியாத வேளையைத் தவிர்க்க வேண்டும். இயலாவிடில் வெளிர்நிற ஆடை அணிய வேண்டும். வாகனத்தைத் தவிர வேறு ஆபத்துகளும் உள்ளன. தெருநாயின் உறுமலைக் கேட்டவர் நின்று நிதானிக்க வாய்ப்புண்டு. கேட்காதவர் அதன் மீதே கால் வைத்துவிடலாம். நாய் கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சோப்பு இட்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையை அணுகித் தடுப்பூசி செலுத்திக்கொள்ள வேண்டும். தனியே நடக்கும் பெண்களிடம் சங்கிலி பறிப்போர் பின்னாலிருந்தே நெருங்குகின்றனர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காதின் நலன்

சாலை இரைச்சலுக்கு நடுவே பாட்டுக் கேட்பவர், இரைச்சலை வெல்லும் பொருட்டு ஒலியளவைக் கூட்டுகிறார். வீட்டில் பாதி அளவில் கேட்டவர், பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது முழு அளவுக்கு உயர்த்துகிறார். பின்னர் குறைக்க மறந்துவிடுகிறார். உட்செவியில் நத்தை ஓடு போன்ற பகுதியில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்திற்கு 4 மணி நேரமே. 100 டெசிபல் என்றால் ஏறத்தாழ 20 நிமிடம்தான். அதுவும் ஒரு நாளைக்கு அன்று, வாரம் முழுமைக்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. கைபேசியின் உச்ச ஒலியளவில் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது எளிய வழி. பயிற்சி முடிந்தபின் காதில் இரைச்சலோ, 'கொய்ங்' என்ற ஒலியோ, அடைத்தது போன்ற உணர்வோ இருந்தால், அன்று கேட்டது அளவுக்கு மிஞ்சியது என்று பொருள்.

நம் நாட்டு வெப்பத்தில் வியர்வையும் சேர்கிறது. ஈரமான செவிக்குழாயை நீண்ட நேரம் அடைத்து வைத்தால் பூஞ்சைத் தொற்றும் பாக்டீரியாத் தொற்றும் ஏற்படும். அரிப்பு, வலி, நீர் வடிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பயிற்சிக்குப் பின் இயர்போன் முனையைத் துடைத்து உலர வைக்க வேண்டும். பிறருடன் பகிர்ந்துகொள்ளக் கூடாது. குச்சி, ஹேர்பின், சேஃப்டி பின் கொண்டு காதைக் குடைதல், சூடான எண்ணெய் ஊற்றுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காதுத் தொற்று எலும்பு வரை பரவக்கூடும். ஆதலால் காது வலி தோன்றினால் அவர்கள் காத்திராமல் மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரு காதில் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தால் அதை அவசர நிலையாகக் கருதி, அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். தொடக்க நாள்களிலேயே சிகிச்சை தொடங்கினால் திறன் மீள்வதற்கான வாய்ப்பு கூடுகிறது.

விபத்து நேர்ந்தால்

அடிபட்டவரை உடனே தூக்கி நிறுத்த முயல வேண்டாம். 108-ஐ அழைத்து, வந்துசேரும் வரை கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டு, இரத்தம் கசியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரத்திற்கான சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. அடிபட்டவரை நல்லெண்ணத்துடன் மருத்துவமனைக்கு அழைத்து வருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தம் பெயரையும் முகவரியையும் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது.